எவர்சில்வர் டம்ளரெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வருகிறது, டிஷ்வாஷரில் என்ன தப்பு செய்கிறேன்?

பள்ளிக்கரணைவாசி:

வணக்கம். ஜனவரியில் வீட்டம்மாவுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டு மாவுக்கட்டுப் போட்டார்கள். அதே வாரம், பாத்திரம் தேய்க்க வரும் அம்மா மகளின் பிரசவத்துக்காகச் செஞ்சிப் பக்கம் ஊருக்குப் போய்விட்டார். ரிட்டயர் ஆன மனுஷன், வேறு வழியில்லை, 20 நாள் சிங்க் முன்னால் நின்றேன். வீடியோ காலில் அதைப் பார்த்த பெங்களூர் மகன், என்னைக் கேட்காமலேயே 13 செட் (ஒரு செட் என்றால் ஒருவர் சாப்பிடும் பாத்திரங்கள்) பிடிக்கிற டிஷ்வாஷர் ஒன்றை ஆர்டர் போட்டு அனுப்பிவிட்டான்.

வந்து இரண்டரை மாதம் ஆகிறது. டம்ளர், டவரா எல்லாவற்றிலும் வெள்ளையாக ஒரு படலம். நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்கிறது. மேல்தட்டில் வைக்கும் கிண்ணங்களில் மணல் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. பல நாள் கதவைத் திறந்தால் சோப்பு டேப்லெட் பாதி கரைந்து தன் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இதற்கெல்லாம் மேலே, மாமியார் சீராகக் கொடுத்த அலுமினிய இட்லிப் பானை கரி பூசினாற்போல் கறுத்துப் போய்விட்டது. அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

நான் செய்வது இதுதான். எல்லாப் பாத்திரத்தையும் சிங்கில் ஒரு தரம் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வைக்கிறேன். பரணில் அடுக்குவது போல இடம் விடாமல் அடுக்குகிறேன். 30 நிமிட புரோகிராமில் போடுகிறேன், ஈகோ என்பது மூன்றரை மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது, கரண்ட் பில்லை நினைத்தால் பயமாக இருக்கிறது. மெஷினோடு வந்த உப்பு தீர்ந்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது, மளிகைக் கடையில் கல்லுப்பு வாங்கி அரைக் கிலோ கொட்டினேன். எங்கள் அப்பார்ட்மெண்டில் பாதி போர், பாதி லாரித் தண்ணீர். ஆர்ஓ சர்வீஸ் பையன் மீட்டரை விட்டுப் பார்த்து 1100 என்றான்.

"இந்த மெஷினைக் கழுவுறதுக்கு ஒரு ஆள் வெச்சுடுங்க" என்கிறார் வீட்டம்மா. யாராவது வழி சொல்லுங்கள்.

சபீனா_ரசிகன்:

ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு 13 செட் மெஷின் எதுக்கு சார்? சபீனா, தேங்காய் நார், பத்து நிமிஷம், ஆச்சு. மகன் பாசத்தை நான் குறை சொல்லலை, அந்தக் காசுக்கு வேற ஒரு அம்மாவைத் தேடியிருக்கலாம்.

சிறுவாணி_மருமகள்:

ரசிகன் அண்ணா, மணிக்கட்டில் கட்டோடு இருப்பவரிடம் போய்த் தேங்காய் நார் பற்றிப் பேசுங்கள், பார்க்கலாம்.

பள்ளிக்கரணை சார், நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது இரண்டு வருடம் முன்பு நான் புலம்பியது அப்படியே காதில் கேட்டது. எனக்கு இந்த மெஷின் ஆறு வருடப் பழக்கம். முதல் நாலு வருடம் கோவையில், மாமியார் வீட்டில், குழாயில் சிறுவாணித் தண்ணீர். உப்பு விளக்கு எரிந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அப்புறம் வீட்டுக்காரருக்கு மாற்றலாகி வேளச்சேரி வந்தோம். அதே மெஷினை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தோம், அதே டேப்லெட், அதே டம்ளர். மூன்றாவது வாரம் வந்து பார்த்த மாமியார், "ஏங் கண்ணு, டம்ளருக்கெல்லாம் திருநீறு பூசி வெச்சிருக்கே?" என்றார். மெஷின் மாறவில்லை, தண்ணீர்தான் மாறியிருந்தது.

அதனால் முதல் வேலை உப்பு. மெஷினின் அடியில் பிசின் மணிகள் நிரம்பிய ஒரு பகுதி இருக்கிறது. உள்ளே வரும் தண்ணீரில் இருக்கிற கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அந்த மணிகள் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடும். அப்படித்தான் தண்ணீர் மென்மையாகிறது. பிடித்துப் பிடித்து மணிகள் நிரம்பிவிட்டால் உப்புக் கரைசல் அவற்றின் மேல் ஓடி, ஒட்டியதைக் கழற்றிச் சாக்கடைக்கு அனுப்பும். அந்த உப்பின் வேலை அவ்வளவுதான், பாத்திரத்துக்கு அதோடு சம்பந்தம் கிடையாது. "ஏற்கனவே உப்புத் தண்ணி, அதுல இன்னும் உப்பா?" என்று எங்கள் மாடியில் ஒரு பாட்டி ஆறு மாதம் உப்பே போடாமல் ஓட்டினார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

கல்லுப்பு கூடாது. அதில் மண்ணும் கரையாத தூசியும் இருக்கும், போய் அடைக்கும். பொடி உப்பில் அயோடினும், கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கும், அதுவும் வேண்டாம். டிஷ்வாஷர் சால்ட் என்றே பெரிய பரல்களாக விற்கிறார்கள், சுத்தமான சோடியம் குளோரைடு. மெஷினின் அடியில் உப்பு போடும் குழியில் ஒரு கிலோ அளவு பிடிக்கும். முதல் முறை மட்டும்தான் அந்தக் குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டும், அடுத்த முறையிலிருந்து உப்பு மட்டும். போட்ட கையோடு ஒரு வாஷ் ஓட்டிவிடுங்கள். வழிந்த உப்பு உள்ளே அப்படியே கிடந்தால் ஸ்டீல் தொட்டியே துருப்பிடிக்கும்.

அப்புறம், உப்பு போட்டால் மட்டும் போதாது. உங்கள் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று மெஷினுக்குச் சொல்ல வேண்டும். இங்கேதான் நான் ஏமாந்தேன். ஆர்ஓ பையனின் மீட்டர் சொல்வது டிடிஎஸ், தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாமும் சேர்ந்த கணக்கு. சமையல் உப்பைக் கரைத்தாலும் அது ஏறும். நமக்கு வேண்டியது ஹார்ட்னஸ், அதாவது அந்தக் கால்சியம், மக்னீசியத்தின் கணக்கு மட்டும். மீன்தொட்டிக் கடையில் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் கிட் கிடைக்கும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயத்தில் ஹார்ட்னஸ் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600 வரை. எங்கள் வீட்டில் 420 வந்தது.

மேனுவலில் இந்தக் கணக்கு பெரும்பாலும் ஜெர்மன் டிகிரியில் இருக்கும். வந்த எண்ணை 17.8-ஆல் வகுத்தால் டிகிரி. எனக்கு 23.6. என் மெஷினில் 0 முதல் 7 வரை நிலைகள். கம்பெனியிலிருந்து வரும்போதே 4-இல் இருந்தது, அது 13 முதல் 16 டிகிரிக்கு. எனக்கு வேண்டியது 6. அந்த ஒரு எண்ணை மாற்றியதில் பாதித் திருநீறு போய்விட்டது. லாரித் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியாது இல்லையா, அதனால் கோடையில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை சோதித்துக்கொள்கிறேன். "ஆல் இன் ஒன்" டேப்லெட் அட்டையில் உப்பு தேவையில்லை என்று போட்டிருக்கும். நம் ஊர்த் தண்ணீருக்கு அதை நம்ப வேண்டாம்.

இனி அடுக்குவது. உள்ளே தண்ணீர் கீழேயிருந்து பெய்கிற மழை, எனக்குப் புரிந்தது அப்படித்தான். சுற்றுகிற கையிலிருந்து மேல்நோக்கிப் பீய்ச்சும். அந்த மழையில் எது நனையாதோ அது கழுவப்படாது. வாணலியை நடுவில் கவிழ்த்து வைத்தால் அதற்கு மேலே இருக்கிற நாலு டம்ளரும் குடை பிடித்த மாதிரிதான். வாணலி, சாம்பார்ப் பாத்திரம் எல்லாம் கீழ்த்தட்டின் ஓரத்தில், வாய் கீழ்நோக்கிச் சாய்வாக. தட்டுகள் முகம் நடுவைப் பார்த்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு விரல் இடைவெளி. டவராவைத் தட்டையாகக் கவிழ்த்தால் அதன் அடி விளிம்புக்குள் தண்ணீர் குளம் கட்டி நிற்கும், காய்ந்ததும் வட்டமாக வெள்ளைக் கோடு. கொஞ்சம் சாய்த்து வையுங்கள். கரண்டிகள் ஒன்றுக்குள் ஒன்று ஒட்டிக்கொண்டு படுத்துவிடும், ஒன்று நிமிர்ந்து ஒன்று தலைகீழாக வைத்தால் ஒட்டாது. கத்தி மட்டும் முனை கீழே.

டேப்லெட் பெட்டிக்குள்ளேயே நிற்கிறது என்கிறீர்களே, கதவுக்கு நேர் எதிரே பெரிய சாப்பாட்டுத் தட்டோ தோசைத் திருப்பியோ நின்றிருக்கும். முதல் அலசல் முடிந்த பிறகுதான் அந்த மூடி திறக்கும். எதிரே இடம் இல்லாவிட்டால் அரைகுறையாகத் திறந்து நின்றுவிடும். இன்னொரு காரணம் உங்கள் 30 நிமிடம். அந்த நேரத்தில் பல டேப்லெட் முழுக்கக் கரையாது. அது விருந்தாளி காபி குடித்த டம்ளருக்கான புரோகிராம், குழம்புச் சட்டிக்கு அல்ல. தினமும் ஈகோவே போடுங்கள். சுமார் 50 டிகிரிச் சூட்டில் மெதுவாக ஊறவைத்துக் கழுவுவதால்தான் அவ்வளவு நேரம். ஆனால் தண்ணீர் 10 லிட்டர் அளவு, கரண்ட் ஏறக்குறைய ஒரு யூனிட். சிங்கில் நீங்கள் "ஒரு தரம் நன்றாக" கழுவுகிறீர்களே, அதற்கே இதைவிட அதிகம் போயிருக்கும். எண்ணெய்ச் சட்டி நாளில் மட்டும் 70 டிகிரி.

முன்கூட்டிக் கழுவுவதை நிறுத்துங்கள். குளித்துவிட்டுத் திரும்பவும் குளிக்கப் போகிற மாதிரி அது. சோப்பில் இருக்கும் என்சைம்களுக்கு மாவுச்சத்தும் புரதமும்தான் தீனி. கருவேப்பிலை, மிளகாய்க் காம்பு, புளிச்சக்கை, எலும்பு இதையெல்லாம் வழித்துக் குப்பையில் போட்டால் போதும். இட்லி மாவுப் பாத்திரத்துக்கு மட்டும் விதிவிலக்கு. அதை உடனே பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். வெந்நீர் ஊற்றினால் மாவு வெந்து பசையாக ஒட்டிக்கொள்ளும்.

அலுமினியம் விஷயத்தில் உங்களுக்கு என் அனுதாபம். டிஷ்வாஷர் சோப்பு காரம் அதிகமானது, கை சோப்பு மாதிரி இல்லை. அலுமினியத்தைக் கறுக்க வைக்கும். ஹார்ட் அனோடைஸ்டு என்று விற்கிற அலுமினியச் சட்டியின் மேல்பரப்பையும் கெடுக்கும். பித்தளை, செம்பு மங்கும். இரும்பு தோசைக்கல் எண்ணெய்ப் பழக்கம் எல்லாம் போய்த் துருவேறி வரும். மரக்கரண்டி வெடிக்கும். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இருந்தால் அதை மெஷின் இருக்கிற பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஸ்பேனர்14:

அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் 11 வருஷமாக டிஷ்வாஷர், வாஷிங் மெஷின் சர்வீஸ் பார்க்கிறேன். சாருடைய மேல்தட்டு மணல் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அது மணல் இல்லை சார், உங்கள் வீட்டுச் சாப்பாடுதான். மெஷின் ஒரே தண்ணீரைத்தான் திரும்பத் திரும்ப இறைக்கும். ஃபில்டர் அடைத்திருந்தாலோ சரியாக உட்காரவில்லை என்றாலோ துணுக்கெல்லாம் தண்ணீரோடு மேலே ஏறிக் கிண்ணத்தில் இறங்கும். கீழ்த்தட்டை வெளியே எடுங்கள், அடியில் உருளை மாதிரி இருப்பதைத் திருகினால் கையோடு வரும், அதன் கீழே ஒரு சல்லடைத் தகடு. பழைய டூத்பிரஷ்ஷால் குழாயடியில் தேய்த்துவிட்டு, "டக்"கென்று பூட்டும்வரை திருகி வையுங்கள். வாரம் ஒரு முறை. நான் போகிற பத்து வீட்டில் ஏழில், "ஃபில்டர் இருக்கா?" என்று என்னையே கேட்கிறார்கள்.

அடுத்தது கடுகு. சிரிக்காதீர்கள், நம் ஊர் மெஷின்களில் நான் அதிகம் எடுத்தது அதுதான். ஸ்ப்ரே ஆர்ம், அதாவது அக்கா சொன்ன சுற்றுகிற கை, அதன் துளையும் தாளித்த கடுகும் ஏறக்குறைய ஒரே அளவு, கச்சிதமாகப் போய் உட்காரும். மூன்று துளை அடைத்தால் கை சுற்றுவதே மந்தமாகிவிடும். இரண்டு கையையும் கழற்றி காதோரம் ஆட்டிப் பாருங்கள், கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது. விளக்குமாற்று ஈர்க்குச்சியால் குத்தி எடுங்கள், கம்பி வேண்டாம், துளை பெரிதாகிவிடும். ஒவ்வொரு முறை கதவை மூடும் முன் இரண்டு கையையும் விரலால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள், எதிலும் இடிக்காமல் சுற்ற வேண்டும்.

கல்லுப்பு அரைக் கிலோதானே, பயப்பட வேண்டாம். கரையாமல் மேலே இருப்பதை நீளக் கரண்டியால் அள்ளிவிட்டு நல்ல உப்பு போடுங்கள். அதன் பிறகும் தண்ணீர் ஏறவில்லை, விளக்கு அணையவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

மிக்ஸி ஜாரை உள்ளே வைக்காதீர்கள். அடியில் இருக்கிற புஷ்ஷுக்குள் சோப்புத் தண்ணீர் போனால் ஆறே மாதத்தில் ஒழுகும். குக்கர் எவர்சில்வர் என்றால் வைக்கலாம், கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றிவிட்டு. கை சோப்பு லிக்விடை ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. சமையலறை முழுக்க நுரை வந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன், அந்த அம்மா ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தார்.

பள்ளிக்கரணைவாசி:

12 நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

மீன்தொட்டிக் கடையில் கிட் கிடைத்தது. "என்ன மீன் சார் வளக்குறீங்க?" என்று கேட்ட பையனிடம் டம்ளர் என்று சொல்ல வாய் வரவில்லை. 580 வந்தது, வகுத்தால் 32.6. மெஷின் 4-இல் இருந்தது, 7 வைத்துவிட்டேன். கல்லுப்பை அள்ளியபோது அடியில் செம்மண் மாதிரி கொஞ்சம் வந்தது. அதைத்தான் இத்தனை வருடம் சாம்பாரில் போட்டோம் என்று வீட்டம்மாவுக்கு ஒரே கவலை.

மேல் கையைக் கழற்றி ஆட்டினேன். சத்தம் வந்தது. வெள்ளைத் துணியை விரித்து ஈர்க்குச்சியால் குத்தினேன், ஏழு கடுகு, ஒரு சீரகம், பாதி உளுத்தம்பருப்பு, ஊறுகாய் பாட்டில் லேபிளின் துண்டு ஒன்று. உளுத்தம்பருப்பு அந்தத் துளை வழியாக எப்படி உள்ளே போனது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஃபில்டரைப் பற்றி எழுத மனசில்லை.

புது உப்பு போட்டு ஈகோவில் ஓட்டிய முதல் நாள் டம்ளரில் மாற்றமே இல்லை, மனசு உடைந்துவிட்டது. இதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

சிறுவாணி_மருமகள்:

பழைய படலம் தானாகப் போகாது சார். புதிதாக ஏறாது, அவ்வளவுதான். ஒரு டம்ளரில் வினிகரை நனைத்துத் துடைத்துப் பாருங்கள். போனால் அது சுண்ணாம்பு, மற்றதையும் வெந்நீரில் சிட்ரிக் ஆசிட் கரைத்து அரை மணி ஊறப்போட்டால் வந்துவிடும். கண்ணாடி டம்ளராக இருந்து, வினிகருக்கும் மசியாமல் வானவில் மாதிரி மங்கலாகவே இருந்தால் அது கண்ணாடியே அரிக்கப்பட்டது, அதற்கு மருந்து கிடையாது. கடைசி அலசலில் சேரும் ரின்ஸ் எய்ட் திரவம் ஊற்றுகிறீர்களா? அது இருந்தால் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்துவிடும், கறை குறையும். வாஷ் முடிந்ததும் கதவை ஒரு சாண் திறந்து வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா மட்டும் எப்படியும் ஈரமாகத்தான் வரும், சூட்டைப் பிடித்து வைக்காது. மஞ்சள் கறை பிடித்த டப்பாவை மொட்டை மாடி வெயிலில் ஒரு நாள் போட்டால் வெளுக்கும்.

பள்ளிக்கரணைவாசி:

வினிகரில் போய்விட்டது! 18 டம்ளரையும் வாளியில் ஊறப்போட்டேன், ஹால் வெளிச்சத்தில் முகம் தெரிகிறது.

இட்லி மாவுப் பாத்திரத்தில் மட்டும் படலம் போகவில்லை. காயத்துக்குப் போடுகிற பெட்டடைன் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், நீலக் கறுப்பாக மாறியது. பள்ளியில் உருளைக்கிழங்கில் அயோடின் விட்டுப் பார்த்த அதே நிறம். அப்படியானால் அது மாவுதான், சுண்ணாம்பு இல்லை. இப்போது பச்சைத் தண்ணீரில் ஊறுகிறது. நன்றாகக் கழுவிவிட்டுத்தான் மாவு கரைப்போம், கவலைப்படாதீர்கள்.

மாமியார் பானையில் புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டோம். உள்பக்கம் நன்றாகவே வெளுத்தது, வெளியே யானைத்தோல் நிறத்தில் நிற்கிறது. "பரவாயில்லை" என்று வீட்டம்மா சொன்னார், எந்த அர்த்தத்தில் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. நான் அடுக்கிவிட்டுப் போன பிறகு அவர் இடது கையால் எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அடுக்குகிறார். பித்தளை காபி ஃபில்டரை மட்டும் என்னிடம் கொடுத்துக் கையால் தேய்க்கச் சொல்லிவிட்டார். ரசிகன் சார், சபீனா வாங்கியிருக்கிறேன், உங்களுக்குச் சந்தோஷம்தானே?

ஒரே ஒரு கேள்வி பாக்கி. ராத்திரி பத்தரைக்கு ஈகோ போடுகிறேன், 2.10-க்கு முடிந்ததும் பீப் பீப் என்று கத்துகிறது. அதை நிறுத்த முடியுமா?

ஸ்பேனர்14:

முடியும் சார். பெரும்பாலும் செட்டிங்கில் ஒலி அளவு என்று ஒன்று இருக்கும், 0 வைத்துவிடலாம். மாடல் நம்பரைச் சொல்லுங்கள், எந்த பட்டனை அமுக்க வேண்டும் என்று சொல்கிறேன். கதவைத் திறந்தால் அதன் விளிம்பில் ஸ்டிக்கர் இருக்கும்.

பள்ளிக்கரணைவாசி:

ஸ்டிக்கர் இருக்கிறது. எழுத்து கடுகைவிடச் சின்னது. மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.